பெரியவர் ஐசியுவிலிருந்து குழந்தைகள் எமர்ஜென்சிக்கு: முதலில் எதைப் பார்ப்பது?

"பெரியவர்கள் ஐசியுவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து குழந்தைகள் அவசரப் பிரிவில் டியூட்டி. மருந்தின் அளவைக் குறைப்பதைத் தவிர வேறு என்ன மாறும்? எதையெல்லாம் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "மானிட்டர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆனாலும் பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ஒரு குழந்தை மோசமாகிக்கொண்டிருப்பதை மானிட்டர் சொல்வதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடிப்பது, அந்தப் பரபரப்பில் என் கையால் தப்பான டோஸ் போய்விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இந்த இரண்டும்தானே? குழந்தைகள் அவசரப் பிரிவில் நீண்ட காலமாக வேலை பார்த்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வரும் செவிலியர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தையையும் விபத்தில் அடிபட்ட குழந்தையையும் இதில் சேர்க்கவில்லை. அவை தனித்தனிப் படிப்பு. இங்கே வரும் அளவுகள் பரவலாக ஏற்கப்பட்டவை. ஆனாலும் உங்கள் மருத்துவமனை எழுதிவைத்திருக்கும் நெறிமுறை வேறு மாதிரி சொன்னால் அதன்படிதான் நடக்க வேண்டும்.

பெரியவர்களிடம் நீங்கள் பார்த்துப் பழகிய இதய நிறுத்தம் பெரும்பாலும் இதயத்திலேயே தொடங்குவது. பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று சாய்வார், மானிட்டரில் தாளம் மாறியிருக்கும், மின் அதிர்ச்சி கொடுக்க ஓடுவீர்கள். குழந்தைகளிடம் அப்படி நடப்பது குறைவு. அவர்களுடைய இதயம் பொதுவாக நல்ல இதயம். மூச்சு போதாமலோ ரத்த ஓட்டம் போதாமலோ உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்று, ஆக்ஸிஜன் இல்லாமல் கடைசியாக இதயம் தளர்ந்து நிற்கிறது. அப்படி நின்றுபோன இதயத்தைத் திரும்ப ஓட வைப்பது மிகக் கடினம். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர நிமிடங்களோ மணிநேரங்களோ ஆகின்றன, வழியெல்லாம் அடையாளங்கள் தெரிகின்றன. குழந்தைகள் எமர்ஜென்சியில் செவிலியரின் வேலையில் பாதிக்கு மேல் அந்த நேரத்துக்குள்தான் இருக்கிறது. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இதிலிருந்து உடனே இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்று, பி.பி. நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது. குழந்தையின் உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, பி.பி.யைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். ஒரு வயதிலிருந்து பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டினால் வருவது சிஸ்டாலிக்கின் (பி.பி.யின் மேல் எண்) கீழ் எல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு 78. அதற்குக் கீழே ஒரு எண் தெரிந்தால், ஷாக் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) இப்போது ஆரம்பிக்கிறது என்று அர்த்தமில்லை; தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, நாடித்துடிப்பு குறைந்தால் "சரி, இறங்கிவிட்டது" என்று நினைப்பது. 180-இல் ஓடிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் துடிப்பு, குழந்தை தெளியாமலே 90-க்கு வந்தால் முதலில் மூச்சைப் பாருங்கள். ஆக்ஸிஜன் போதாதபோது குழந்தையின் இதயம் மெதுவாகும். நன்றாக மூச்சு கொடுத்தும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்து, உடம்பு வெளிறிச் சில்லிட்டிருந்தால், நாடி தொட்டுத் தெரிந்தாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். பெரியவர் பிரிவிலிருந்து வருகிற பலருக்கு இதைக் கை ஏற்றுக்கொள்ளவே கொஞ்ச நாள் ஆகும்.

சரி, எதைப் பார்ப்பது? குழந்தையைத் தொடுவதற்கு முன், வாசலில் நின்றபடியே சில நொடிகள் பாருங்கள். குழந்தை இருக்கும் விதம், மூச்சு விடும் விதம், தோலின் நிறம் என்று மூன்று பார்வை. உலகம் முழுக்க இதைத்தான் முதல் படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம், மானிட்டரும் வேண்டாம். இருக்கும் விதம் என்றால், கை கால் அசைவில் பிடிப்பு இருக்கிறதா, தொளதொளவென்று கிடக்கிறதா. புது ஆள் வருவதைக் கவனிக்கிறதா. அம்மா எடுத்தால் அழுகை அடங்குகிறதா. கண் எதையாவது பின்தொடர்கிறதா, வெறித்துப் பார்க்கிறதா. அழுகைக் குரல் ஓங்கி வருகிறதா, முனகலாக இருக்கிறதா. உங்களைக் கண்டதும் வீறிட்டு அழுது, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் குழந்தைக்கு மூளைக்குப் போதிய ரத்தமும் ஆக்ஸிஜனும் போய்க்கொண்டிருக்கிறது. முகம் தெரியாதவர் ஊசி குத்தும்போதுகூடக் கையை இழுத்துக்கொள்ளாத குழந்தைதான் எனக்குப் பயம் தரும் குழந்தை. எமர்ஜென்சியில் அமைதியான குழந்தை நல்ல குழந்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொடுவதற்கு முன் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொட்டால் அழும், அழுதால் மூச்சின் எண்ணிக்கை, துடிப்பு, பி.பி. எல்லாமே ஏறிவிடும். பிறகு எந்த எண் நோயுடையது, எந்த எண் பயத்துடையது என்று பிரிக்க முடியாது. அதனால் அம்மா மடியிலேயே வைத்து, சட்டையை மட்டும் மெதுவாக விலக்கச் சொல்லி, முதலில் மூச்சை எண்ணுங்கள். முழு நிமிடம். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே சரிப்படாது, ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது; சில நொடி வேகமாக, சில நொடி நிறுத்தி நிறுத்தி வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், இரண்டு மாதத்துக்குக் கீழே 60-உம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50-உம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-உம் அதற்கு மேலும் வேக மூச்சு. மனப்பாடம் செய்ய ஏதாவது வேண்டுமென்றால் இந்த மூன்று எண்களைச் செய்யுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியம் குழந்தை மூச்சுக்காகப் படும் பாடு. மூக்குத் துவாரம் விரிவது, விலா எலும்புகளுக்கு இடையிலும் நெஞ்சின் அடியிலும் சதை உள்வாங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது. இவற்றோடு, மூச்சை வெளியே விடும்போது "ங்... ங்..." என்று ஒரு சின்ன முனகல் கேட்கும். வலியில் முனகுகிறது என்று பெற்றோர் சொல்வார்கள். உண்மையில் அது குழந்தை தன் குரல்வளையைப் பாதி மூடி, நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் தானே அழுத்தம் கொடுத்துக்கொள்வது. ஐசியுவில் வென்டிலேட்டரில் நீங்கள் வைக்கும் பீப் (PEEP, மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) போலத்தான். தனக்குத் தானே பீப் வைத்துக்கொள்ளும் குழந்தையை வரிசையில் காத்திருக்க வைக்கக் கூடாது.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எட்டு மாதக் குழந்தை, இரவு பத்து மணிக்கு வரும்போது மூச்சு 72, நெஞ்சு நன்றாக உள்வாங்குகிறது, எரிச்சலோடு அழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்கு மூச்சு 44, உள்வாங்கல் குறைந்திருக்கிறது, அழுகையும் இல்லை. சார்ட்டில் எழுதினால் எல்லா எண்ணும் நல்ல பக்கம் போவதுபோல் இருக்கும். குழந்தையின் முகத்தைப் பாருங்கள். கண் உங்களைத் தொடர்ந்து, பசிக்குத் தேடி, அம்மாவைப் பார்த்துக் கை நீட்டினால் உண்மையிலேயே தேறியிருக்கிறது. கண் பாதி மூடி, தாடை தளர்ந்து, எழுப்பினாலும் எழாமல் இருந்தால், அந்த 44 என்பது களைத்துப்போன நெஞ்சுத் தசை. அடுத்தது மூச்சு நிற்பதுதான். ஆஸ்துமாவிலும் இதே கதை: வீசிங் சத்தம் மறைந்துபோவது காற்று நன்றாகப் போவதாலும் இருக்கலாம், காற்றே போகாததாலும் இருக்கலாம். எண் குறையும்போது முகமும் தெளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதுதான் இதற்கு வழி. சார்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் "விழித்திருக்கிறது, சிரித்தது" அல்லது "தூண்டினால் மட்டும் கண் திறக்கிறது" என்று இரண்டு சொல் எழுதிவையுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கு அதுதான் உதவும்.

குழந்தை இவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிஜன் இழப்பது ஏன் என்றால், கைக்குழந்தையின் உடம்பு ஒரு கிலோ எடைக்குப் பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் சேமிப்போ குறைவு. மூச்சுக் குழாயும் சிறியது. நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால், காற்று போகும் பரப்பு கால் பங்காகிவிடும். காற்றுக்கான தடை கணக்குப்படி 16 மடங்கு. பெரியவருக்கு அதே வீக்கம் தொண்டைக் கட்டு, அவ்வளவுதான். சில மாதக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். சளி அடைத்த மூக்கைச் சலைன் விட்டு மெதுவாக சக்ஷன் செய்தாலே சில நேரம் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தலையின் பின்பக்கம் பெரிதாக இருப்பதால், சமமான படுக்கையில் போட்டால் கழுத்து முன்னால் மடங்கி வழி அடைபடும். தோளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள், முகம் நேராக மேலே பார்க்கட்டும். பெரியவருக்குச் செய்வதுபோலத் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்தால் கைக்குழந்தைக்கு வழி மறுபடியும் குறுகும்.

அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) பிடிக்கும்போது உங்கள் ஐசியு கை கொஞ்சம் அடங்க வேண்டும். நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். அதற்கு மேல் போனால் காற்று வயிற்றுக்குப் போகும், வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும், அப்புறம் நெஞ்சு எழவே எழாது. இரண்டு மூன்று நொடிக்கு ஒரு மூச்சு. மாஸ்க் மூக்குத் தண்டிலிருந்து தாடைப் பள்ளம் வரை. கண்ணை அழுத்தக் கூடாது. நெஞ்சை அழுத்த வேண்டியதாகிவிட்டால், இரண்டு பேர் இருக்கும்போது 15 அழுத்தம், 2 மூச்சு. தனி ஆளாக இருந்தால் 30-க்கு 2. வேகம் பெரியவர்களுக்குப் போலவே நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தைகளின் இதயம் நிற்பது மூச்சுப் போதாமையால் என்பதால், இங்கே மூச்சு கொடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பதில் பலன் குறைவு.

ஒரே ஒரு சூழ்நிலையில் எதுவும் செய்யாமல் இருப்பதே நர்சிங். நாய் குரைப்பதுபோல இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வரும் குழந்தை, அல்லது எச்சில் ஒழுக, முன்னால் குனிந்து உட்கார்ந்தபடி படுக்க மறுக்கும் குழந்தை. அதைப் படுக்க வைக்காதீர்கள், நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்காதீர்கள், உடனே ஊசி போட முயலாதீர்கள். அழுதால் அந்தக் குறுகிய வழி மொத்தமாக மூடிக்கொள்ளலாம். மடியிலேயே இருக்கட்டும், ஆக்ஸிஜன் குழாயை அம்மா முகத்தருகே பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் டாக்டரையும் மயக்க மருந்து நிபுணரையும் கூப்பிடுங்கள்.

ரத்த ஓட்டத்துக்கு வருவோம். நெஞ்சு எலும்பின் மேலோ விரல் நுனியிலோ ஐந்து நொடி அழுத்தி விட்டால், நிறம் இரண்டு நொடிக்குள் திரும்ப வேண்டும். மூன்று நொடிக்கு மேல் போய், கையும் குளிர்ந்து, நாடி வேகமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அது ஷாக். ஒரு எச்சரிக்கை: ஏசி அறையில் சட்டையில்லாமல் கிடந்த குழந்தைக்கும், காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போது விரல் நுனியிலும் இது தாமதமாகும். அதனால் இதைத் தனியாக நம்புவதில்லை. கைக்குழந்தைக்கு நாடியைக் கழுத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மடிப்புக் கழுத்தில் அகப்படாது. மேல் கையின் உள்பக்கம் தேடுங்கள். பி.பி. கஃப் சின்னதாக இருந்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும், கையில் கிடைத்த கஃபைக் கட்டிவிட வேண்டாம். கை சில்லிட்டிருக்கும்போது சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) எண்ணையும் அப்படியே ஏற்க வேண்டாம். மானிட்டரில் அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகே எண்ணைப் பாருங்கள்.

டிரிப்ஸ் விஷயத்தில் ஐசியு பழக்கம் நேரடியாக ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. ஏழு கிலோ குழந்தைக்கு 500 மி.லி. சலைன் பாட்டிலை மாட்டி, கிளாம்பைத் திறந்துவிட்டு, இன்னொரு வேலையைப் பார்க்கப் போய்விட்டால் என்ன ஆகும்? முழுவதும் போனால் கிலோவுக்கு எழுபது மி.லி.க்கு மேல். கைக்குழந்தையின் மொத்த ரத்தமே கிலோவுக்கு ஏறக்குறைய 80 மி.லி.தான். அதனால் த்ரீ-வே (மூன்று வழி இணைப்புத் திருகு) வைத்து, பெரிய சிரிஞ்சில் இழுத்து, எண்ணி எண்ணித் தள்ளுங்கள். கிலோவுக்கு 10 என்று சொல்லியிருந்தால் இந்தக் குழந்தைக்கு 70 மி.லி. ஒவ்வொரு முறை முடிந்ததும் மூச்சு வேகம் கூடியிருக்கிறதா, நுரையீரலில் நீர்ச் சத்தம் கேட்கிறதா, ஈரல் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

எவ்வளவு திரவம், எவ்வளவு வேகம் என்பதில் மருத்துவ உலகமே ஒருமுறை அதிர்ந்துபோயிருக்கிறது. 2011-இல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வில், உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 10.5 சதவீதம், அப்படி ஏற்றாமல் பராமரிப்புத் திரவம் மட்டும் பெற்றவர்களில் 7.3 சதவீதம். அங்கே வென்டிலேட்டர், ஐசியு வசதிகள் கிடையாது. மலேரியாவும் கடும் ரத்தசோகையும் நிறைய. வயிற்றுப்போக்கால் வறண்டுபோன குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை. எனவே "திரவமே கொடுக்காதே" என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. 2020-இல் வந்த சர்வதேச செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) வழிகாட்டுதல், ஐசியு வசதி இருக்கும் இடத்துக்கு ஒரு மாதிரியும் இல்லாத இடத்துக்கு வேறு மாதிரியும் சொல்கிறது. வயிற்றுப்போக்கு ஷாக்குக்கு வேகமாகத் திரவம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. செப்சிஸில் சரியான அளவு எது என்பது இன்னும் முடிவான விஷயமில்லை. மெதுவாக, அளந்து, இடையிடையே பார்த்துக் கொடுப்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி மருந்து. எடை தெரியாமல் எந்தச் சிரிஞ்சையும் கையில் எடுக்காதீர்கள். எடை எப்போதும் கிலோவில்தான்; வேறு அலகில் எழுதிய காகிதம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். எடை போட நேரமில்லை என்றால், குழந்தையின் நீளத்தை அளந்து எடையைக் காட்டும் நிறப்பட்டை நாடா இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கும் பழைய சூத்திரம், நான்கு வயதுக்கு 16 கிலோ. இந்தச் சூத்திரம் பருத்த குழந்தைக்குக் குறைவாகவும் மெலிந்த குழந்தைக்கு அதிகமாகவும் காட்டும். அண்மையில் எடை பார்த்த அம்மா சொல்லும் எண் இவற்றைவிடப் பெரும்பாலும் நெருங்கி வரும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கிடைத்த எடையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

குழந்தைகள் பிரிவில் பெரிய ஆபத்து பத்து மடங்குத் தவறு. பெரியவருக்குப் பத்து மடங்கு கொடுக்கப் பத்து ஆம்பியூல் உடைக்க வேண்டும், ஒன்பதாவதிலாவது யாராவது கேட்பார்கள். குழந்தைக்குப் பத்து மடங்கு ஒரே ஆம்பியூலுக்குள் இருக்கும், யார் கண்ணிலும் படாது. அட்ரினலினையே எடுத்துக்கொள்வோம். 12 கிலோ குழந்தை. ஆம்பியூலில் 1 மி.லி., அதில் 1 மி.கி. அளவு கிலோவுக்கு 0.01 மி.கி., ஆக 0.12 மி.கி. ஒவ்வாமையால் மூச்சுத் திணறி வந்திருந்தால், கலக்காத மருந்தில் 0.12 மி.லி., ஒரு மி.லி. சிரிஞ்சில் எடுத்துத் தொடையின் வெளிப்பக்கத் தசையில். அதே குழந்தைக்கு இதயம் நின்றிருந்தால், ஆம்பியூலோடு 9 மி.லி. சலைன் சேர்த்துப் பத்தாக்கி, அதிலிருந்து 1.2 மி.லி. நரம்பு வழியாக. இரண்டிலும் மி.கி. ஒன்றுதான், மி.லி. பத்து மடங்கு வித்தியாசம். "ஒன்று புள்ளி இரண்டு" என்ற சத்தம் மட்டும் காதில் விழுந்து, கலக்காத ஆம்பியூலிலிருந்து இழுத்தால்? அதனால் எண்ணை மட்டும் சொல்லக் கூடாது. மருந்தின் பெயர், கலந்ததா கலக்காததா, எத்தனை மி.கி., எத்தனை மி.லி., எந்த வழி என்று வாய்விட்டு முழுதாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் நீங்கள் போட்ட கணக்கைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது, தானே தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுதும்போது .5 என்று எழுதாதீர்கள், 0.5 என்று எழுதுங்கள், 5.0 என்று எழுதாதீர்கள், 5 போதும். இழுத்து வைத்த சிரிஞ்சில் லேபிள் ஒட்டாவிட்டால் அது என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது, கீழே கொட்டிவிடுங்கள்.

வலிப்போடு வரும் குழந்தைக்கு முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் தானே நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் தானே நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து கொடுத்தாக வேண்டும். வீட்டில் தொடங்கியது என்றால் அந்த ஐந்து நிமிடம் வண்டியிலேயே முடிந்திருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஆக்ஸிஜன் வைத்து, உடனே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். நரம்பு கிடைக்கும் வரை முதல் மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வலிப்பை நிறுத்தும் மிடாசோலத்தை மூக்கிலோ கன்னத்தின் உள்பக்கமோ தசையிலோ கொடுக்கலாம். இரண்டாவது டோஸுக்குப் பிறகு உங்கள் கண் வலிப்பைவிட நெஞ்சின் மேல் இருக்கட்டும், மூச்சு நின்றுபோவது அங்கேதான். அம்பு பேக் தலைமாட்டில் தயாராக இருக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்த மருந்து எது என்று டாக்டர்கள் விவாதிப்பதைக் கேட்பீர்கள். 2019-இல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளும் லெவெடிராசிட்டமும் ஃபெனிடாய்ன் வகையும் ஏறக்குறைய சமம் என்றுதான் காட்டின. எது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

சர்க்கரையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மயக்கம், வலிப்பு, ஷாக் எதுவாக இருந்தாலும் குளுக்கோமீட்டர் பார்க்காமல் முதல் சுற்று முடியக் கூடாது, ஏனென்றால் நோயுற்ற சின்னக் குழந்தையிடம் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்திருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்), கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி., நெறிமுறைப்படி. 25 சதவீதம் மட்டும் கையில் இருந்தால் அதில் 20 மி.லி. எடுத்து 30 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் சேர்த்தால் 10 சதவீதம் கிடைக்கும். பெரியவருக்குத் தள்ளும் கெட்டியான கரைசலைச் சின்ன நரம்பில் தள்ளினால் நரம்பும் சுற்றுச் சதையும் புண்ணாகும்.

ஷாக்கில் உள்ள குழந்தைக்கு நரம்பு கிடைப்பது உங்கள் திறமைக்குச் சோதனையில்லை. இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், அல்லது குழந்தை இருக்கும் நிலையைப் பார்த்தாலே கிடைக்காது என்று தெரிந்தால், முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின் உள்பக்கத் தட்டையான இடத்தில் எலும்பு ஊசி போடலாம். எமர்ஜென்சி மருந்துகளும் திரவங்களும் அதன் வழியாகப் போகும். செவிலியர் போடலாமா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும், ஊசி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதும், "எலும்பு ஊசி போடலாமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேட்பதும் உங்கள் வேலைதான்.

பெற்றோரை வெளியே அனுப்பும் பழக்கத்தோடு வருவீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அதை விட்டுவிடுங்கள். முடிந்தவரை குழந்தையோடு இருக்கட்டும். உயிர்காக்கும் முயற்சி நடக்கும்போதும் இருக்க விரும்புகிறார்களா என்று கேட்டு, பக்கத்தில் நின்று நடப்பதை விளக்க ஒருவரை நிறுத்த வேண்டும் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். இதனால் சிகிச்சை தடைபடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் பெரிய ஆதரவு இல்லை. 2013-இல் பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வில் உடன் இருந்த உறவினர்களுக்குப் பிற்பாடு மன பாதிப்பு குறைவாக இருந்தது; ஆனால் அது வீட்டில் இதயம் நின்ற பெரியவர்களின் குடும்பங்கள், குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. "இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான் சிஸ்டர்" என்று ஓர் அம்மா சொன்னால் அதையும் ஒரு வைட்டல் சைனாக எழுதுங்கள். அந்தக் குழந்தையின் இயல்பு உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். இங்கிலாந்தில் 2024 முதல் மருத்துவமனைகளில் அமலாகிவரும் மார்த்தா விதி, குழந்தை மோசமாகிறது என்று குடும்பத்தார் கவலைப்பட்டால் அவர்களே நேரடியாக வேறொரு மருத்துவக் குழுவைக் கூப்பிட வழி செய்கிறது.

எண்களைக் கூட்டி மதிப்பெண் போடும் எச்சரிக்கைத் தாள் உங்கள் பிரிவிலும் இருக்கும். ஒழுங்காக நிரப்புங்கள், ஆனால் அது உங்களுக்குப் பதிலாகப் பார்க்கும் என்று நினைக்காதீர்கள். ஏழு நாடுகளில் 21 மருத்துவமனைகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட தாளைப் பயன்படுத்தியதால் இறப்பு குறையவில்லை. ஐசியுவுக்குத் தாமதமாகப் போவது போன்ற மோசமான நிகழ்வுகள் மட்டும் ஓரளவு குறைந்தன. மதிப்பெண் குறைவாக இருந்தும் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள். என்ன காரணம் என்று கேட்டால், "எண்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஊசிக்கு அழவில்லை" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். அதுவே முழுமையான மருத்துவத் தகவல்.

பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பால்ஸ் (PALS, குழந்தைகளுக்கான உயிர்காக்கும் சிகிச்சைப் பயிற்சி) போன்ற வகுப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் அங்கே கற்ற கைத்திறன் சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கும். டியூட்டி தொடங்கும் முதல் வாரத்தில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, எமர்ஜென்சி டிராலியின் ஒவ்வொரு டிராயரையும் திறந்து மூடுங்கள். மிகச் சின்ன மாஸ்க்கும் ஒரு மி.லி. சிரிஞ்சும் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வர வேண்டும். 5 கிலோ, 12 கிலோ, 20 கிலோ என்று மூன்று குழந்தைகளைக் கற்பனை செய்து, அட்ரினலின், டெக்ஸ்ட்ரோஸ், திரவம் மூன்றுக்கும் மி.லி. கணக்கைக் காகிதத்தில் போட்டு, சீனியர் ஒருவரிடம் காட்டுங்கள். வெறும் சலைனை வைத்து 0.05 மி.லி. இழுத்துப் பாருங்கள், அது எவ்வளவு சின்ன கோடு என்று அப்போதுதான் கைக்குத் தெரியும்.